ஊராட்சியை நகராட்சியோடு இணைப்பது: எந்த நிலம் உள்ளே, எந்த நிலம் வெளியே என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜனவரித் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இணைப்பு அறிவிப்பு எல்லாருக்கும் நினைவிருக்கும். 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 ஊராட்சிகள். 41 நகராட்சிகளோடு 147 ஊராட்சிகளும் ஒரு பேரூராட்சியும். அதற்குப் பிறகு மனுவும் மறியலுமாக நிறைய நடந்துவிட்டது. ஆனால் அடிப்படைக் கேள்விக்கு ஓரிடத்தில் முழுப் பதில் கிடைக்கவில்லை. ஒட்டியிருக்கும் இரண்டு ஊராட்சிகளில் ஒன்றை எடுத்து இன்னொன்றை விடுவது எதனால்? ஒரே ஊராட்சியில் பாதியை மட்டும் எடுக்க முடியுமா? ஆட்சேபணை எழுதினால் யார் படிக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சட்டத்தையும் நடைமுறையையும் சேர்த்தே எழுதுங்கள்.

அளவைக்கல்

முதலில் ஒன்று. நம்மூரில் நகராட்சி எந்த நிலத்தையும் "எடுப்பதில்லை". மாநில அரசுதான் எடுத்துக் கொடுக்கிறது. நகர்மன்றம் தீர்மானம் போடலாம், கேட்கலாம், அவ்வளவே. அரசியலமைப்பின் 243கியூ பிரிவு இந்த அதிகாரத்தை ஆளுநர் பெயரில், அதாவது மாநில அரசிடம், வைத்திருக்கிறது. 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் அது. பார்க்க வேண்டியவை என்று அந்தப் பிரிவு சொல்பவை: மக்கள்தொகை, மக்கள் அடர்த்தி, உள்ளாட்சி நிர்வாகத்துக்குக் கிடைக்கும் வருவாய், வேளாண்மை அல்லாத வேலையில் இருப்போரின் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம். கடைசியில் "தகுந்த பிற காரணிகள்" என்றும் ஒரு சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் எதையும் நுழைக்கலாம். சண்டையெல்லாம் அங்கேதான் வருகிறது.

இதன் கீழ் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் இருக்கிறது. நீண்ட காலம் கிடப்பில் கிடந்து, விதிகளோடு சேர்ந்து 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

கோப்பு நகரும் வழி ஏறக்குறைய இப்படி. நகராட்சி ஆணையர் முன்மொழிவு தயாரிப்பார், மன்றத் தீர்மானம் வாங்குவார். ஊராட்சிப் பக்கத்து விவரங்களை வட்டார வளர்ச்சி அலுவலர் தருவார். மாவட்ட ஆட்சியர் பரிந்துரைப்பார். நகராட்சி நிர்வாக இயக்குநர் வழியாகத் தலைமைச் செயலகத்தில் நகராட்சி நிர்வாகத் துறைக்குப் போகும். அங்கே ஊரக வளர்ச்சித் துறையின் ஒப்புதலும் வேண்டும், ஏனென்றால் அந்த நிலம் அவர்கள் கையிலிருந்து போகிறது. பிறகு உத்தேச அறிவிக்கை அரசிதழில் வரும். ஆட்சேபணைக் காலம் முடிந்தபின் இறுதி அறிவிக்கை. அதன் பிறகு வார்டு மறுவரையறை.

ஆட்சியர் பரிந்துரை போகும்வரை பட்டியல் இளகியிருக்கும். உத்தேச அறிவிக்கை வந்துவிட்டால் கெட்டிப்பட்டுவிடும். மக்களுக்கு விஷயம் தெரிவது பெரும்பாலும் கெட்டிப்பட்ட பிறகுதான். இந்த முறையில் பெரிய குறை என்று நான் நினைப்பது இதையே.

எண்ணும் எல்லையும்

அளவைக்கல் சார் சொன்ன ஐந்து காரணிகளில் மூன்றுக்கு எண் வேண்டும். அந்த எண்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருகின்றன. அந்தக் கணக்கெடுப்பு ஓர் ஊரை நகரம் என்று வகைப்படுத்த மூன்று நிபந்தனை வைத்தது: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 விழுக்காடாவது வேளாண்மை அல்லாத வேலையில் இருப்பது. மூன்றும் பொருந்தி, சட்டப்படி இன்னும் ஊராட்சியாகவே இருந்தால் அது "கணக்கெடுப்பு நகரம்". 2011இல் தமிழ்நாட்டில் இப்படி 376 இருந்தன. இணைப்புப் பட்டியல் தயாரிப்பவர் முதலில் புரட்டும் ஏடு இதுதான்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று அடர்த்தி. ஊராட்சியின் மொத்தப் பரப்பால் வகுப்பார்கள், ஏரியும் சேர்ந்துதான். எடுத்துக்காட்டுக்கு 5,700 பேர், 18 சதுர கிலோமீட்டர் என்றால் அடர்த்தி 317. அதில் ஏரி மட்டும் 4.5 சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். அதைக் கழித்துவிட்டால் 422. ஒரே ஊர், ஒரு கணக்கில் கிராமம், மறு கணக்கில் நகரம். பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்பதற்கு ஏரியே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது அந்த "ஆண்" என்ற சொல். ஊரில் ஆண்கள் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள், பெண்கள் களையெடுப்பும் நடவுமாக இருக்கிறார்கள் என்றால் கணக்கு அந்த ஊரை நகரம் என்றே சொல்லும். இணைப்பால் முதலில் வேலை இழப்பது யார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வயல்வெளி

பெண்கள்தான். நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. இறுதி அறிவிக்கை வந்தால் வேலை அட்டை செல்லாது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போவோரில் பெரும்பாலோர் பெண்கள். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்று 2022இல் தொடங்கினார்கள், ஆனால் அது முன்னோட்ட அளவில், தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும். நூறு நாள் வேலைக்குச் சட்ட உரிமை இருந்தது, இதற்கு அது இல்லை.

வீட்டுத் திட்டமும் மாறும். கலைஞரின் கனவு இல்லம் ஊரகத்துக்கு உரியது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஊரகப் பட்டியல் வேறு, நகர்ப்புறப் பட்டியல் வேறு. ஊரகப் பட்டியலில் பெயர் இருந்து ஆணை வாங்காமல் இருப்பவர் நகர்ப்புறத்தில் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். ஆணை வாங்கி, அடித்தளம் போட்டு, அடுத்த தவணைக்குக் காத்திருப்பவர் கதி என்ன என்பதை இணைப்பு ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நிற்காது.

பணத்தில் அளக்க முடியாத இழப்பு ஒன்றும் உண்டு. ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில், ஒருவர் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இணைத்த பிறகு அந்த நாற்காலியே கிடையாது. மாநகராட்சியில் நூறு கவுன்சிலர்களில் ஒருவர், கையெழுத்து அதிகாரம் இல்லாமல். கிராம சபையும் போகிறது. ஆண்டுக்கு ஆறு முறை ஊரே உட்கார்ந்து வரவு செலவு கேட்க முடிந்தது. நகர்ப்புறத்தில் பகுதி சபைக்கு 2022இல் விதி வந்திருக்கிறது, ஆனால் பயனாளிப் பட்டியலை ஊர் கூடி ஒப்புக்கொள்ளும் அந்தப் பழக்கம் அங்கே இன்னும் வேர் பிடிக்கவில்லை.

குழாய்வழி

வயல்வெளி அக்கா சொல்வதில் ஒரு சொல்லையும் மறுக்க முடியாது. ஆனால் தண்ணீர்ப் பக்கமும் பார்க்க வேண்டும். ஜல் ஜீவன் என்ற ஊரகக் குடிநீர்த் திட்டத்தின் கணக்கில் ஊரகத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135. பத்தாயிரம் பேர் உள்ள ஊராட்சி என்றால் 5.5 லட்சம் லிட்டருக்கும் 13.5 லட்சம் லிட்டருக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் அறிவிக்கை வந்த மறுநாளே இந்த எட்டு லட்சம் லிட்டர் வந்துவிடாது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அந்த ஊருக்குப் பிரிந்து வரும் குழாயின் விட்டம் 55க்குத்தான் போட்டிருக்கும். குழாய், தொட்டி, மோட்டார் எல்லாம் மாற வேண்டும். அதுவரை பழைய தண்ணீர்தான், வசூலிப்பவர் மட்டும் புதியவர்.

சாக்கடை இதைவிடக் கடினம். 150 மில்லிமீட்டர் குழாய் தன் சரிவில் ஓட நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் போனால் ஆறு மீட்டர் ஆழம். அங்கே நீரேற்று நிலையம் வேண்டும், அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் திட்டம் நின்றுவிடும். அதனால்தான் எல்லையை மக்கள்தொகையை வைத்து மட்டும் போடாமல் நீர் வடியும் போக்கை வைத்தும் போடுங்கள் என்று பொறியாளர்கள் கேட்கிறார்கள். மேட்டு ஊரை நகராட்சியில் சேர்த்து, அதன் தண்ணீர் இறங்கும் பள்ளத்து ஊரை ஊராட்சியாக விட்டால், மழைநீர் வடிகால் எல்லைக் கல்லோடு முடியும். வெள்ளம் முடியாது.

சென்னையைப் பாருங்கள். 2011இல் 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, மொத்தம் 42 அமைப்புகள். வார்டு 200, மண்டலம் 15. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் போன்ற பழைய ஊராட்சிகளில் பாதாளச் சாக்கடைக்காகப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சி கையில் இல்லை, குடிநீர் வாரியம் தனி. ஒன்றோடு இணைந்தால் மற்றது தானாக வராது.

ஏரிக்கரை

வருவாய் பற்றி யாரும் இன்னும் தொடவில்லையே. "நகராட்சிக்கு வருமானம் வேண்டும், அதற்காகத்தான் எடுக்கிறார்கள்" என்று ஊரில் பேசுகிறார்களே?

பேரேடு

பாதி சரி. முன்மொழிவில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் வருவாய்க் கட்டம் ஒன்று இருக்கும்: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், முத்திரைத்தாள் மேல்வரியில் பங்கு, மாநில நிதிக்குழு மானியம். தொழிற்பேட்டையோ பொறியியல் கல்லூரியோ வரிசையாகத் திருமண மண்டபமோ இருக்கும் ஊராட்சியை நகராட்சி விரும்பும். அதே காரணத்துக்காக ஊராட்சித் தலைவர் விடமாட்டார். சிதறிக் கிடக்கும் ஏழெட்டுக் குக்கிராமம், முப்பது கிலோமீட்டர் மண்சாலை, ஓட்டு வீடுகள் என்றால் மன்றம் தீர்மானம் போடவே தயங்கும். ஏனென்றால் துப்புரவுப் பணியாளர், தெருவிளக்கு, சாலை எல்லாம் நாளையிலிருந்து அவர்கள் தலையில்.

வெளியில் பேசாத இன்னொன்று ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கு. முதல் கணக்கு பொது நிதி. மூன்றாவது திட்ட நிதி. இரண்டாவது மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குச் செலுத்துவதற்கும் மட்டும். இணைக்கும் நாளில் மூன்றையும் முடித்து இருப்பை மாற்ற வேண்டும். முதலில் சிக்குவது இரண்டாவதுதான். பதிவேட்டில் பதினெட்டு மோட்டார் இருக்கும், மின்வாரியப் பட்டியலில் இருபத்திரண்டு இணைப்பு இருக்கும். நான்கு எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒன்று தூர்ந்துபோன கிணற்றில் இருக்கும், ஒன்றின் பெயர் பழைய தலைவர் காலத்தில் மாறாமல் நின்றிருக்கும். அந்த நிலுவையை யார் கட்டுவது என்று பேசியே மாதங்கள் போகும், நடுவில் தெருவிளக்கு அணையும். இணைப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் இப்போதே மின் இணைப்பு எண் வாரியாக, கம்பத்துக்குக் கம்பம் நடந்து பட்டியல் எடுங்கள்.

வரி பற்றி. இணைந்த அன்றே வரி பல மடங்கு ஆகும் என்பது சரியல்ல, கூடவே கூடாது என்பதும் சரியல்ல. 2022 ஏப்ரல் சீராய்வில் சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடிக்குள் 50 விழுக்காடு, 1,800க்கு மேல் 150 விழுக்காடு ஏற்றினார்கள். 2011இல் சேர்ந்த பகுதிக்கு 25இல் தொடங்கி 100 வரைதான். பதினோரு ஆண்டு கழித்தும் வேறு விகிதம் வைத்திருந்தார்கள். அந்தச் சலுகை தானாக வந்ததல்ல, அரசு ஆணையில் எழுதப்பட்டது. உங்கள் பகுதிக்கும் மாறுதல் காலம் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள்.

ஊராட்சியில் ஆண்டுக்கு ஒருமுறை கட்டிய வீட்டு வரி நகராட்சியில் அரையாண்டுச் சொத்து வரியாகும். கட்டடப் பரப்பு, பகுதியின் அடிப்படை மதிப்பு, பயன்பாடு, கட்டட வகை எல்லாம் வைத்துப் போடுவார்கள். பலருக்கு அதிர்ச்சி தருவது காலிமனை வரி. ஊராட்சியில் அப்படியொன்றைக் கட்டாத மனைக்காரருக்கு வீடே கட்டாமல் கேட்புச் சீட்டு வரும். 15ஆவது நிதிக்குழு, சொத்து வரிக்குத் தரைமட்ட விகிதம் அறிவித்து மாநில வளர்ச்சியோடு சேர்த்து ஏற்றினால்தான் நகர்ப்புற மானியம் என்று நிபந்தனை போட்டது. ஆகவே நகராட்சி நினைத்தாலும் குறைவாகவே வைத்திருக்க முடியாது.

தென்கரை

நான் இருப்பது டெக்சாஸில். இங்கே கதை நேர்மாறு, ஒப்பிட உதவும் என்று எழுதுகிறேன். நகராட்சியே தீர்மானித்து நிலத்தை இணைக்கும். ஹூஸ்டன் ஒரு காலத்தில் சாலையோரமாகப் பத்தடி அகலப் பட்டைகளை இணைத்து வேறு ஊர்கள் நுழையாதபடி வேலி போட்டது. 1963இல் சட்டம் போட்டு இதை ஒழுங்குபடுத்தினார்கள். 1996இல் கிங்வுட் என்ற குடியிருப்பை அங்குள்ளோர் எதிர்த்தும் ஹூஸ்டன் சேர்த்துக்கொண்டது. அந்தக் கோபம் ஆறாமல், 2019இல் ஒப்புதல் இல்லாத இணைப்பை மாநிலம் முழுவதும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். இப்போது நில உரிமையாளர் மனுவோ வாக்கெடுப்போ வேண்டும்.

ஹூஸ்டன் இன்னொன்றும் செய்கிறது. எல்லைக்கு வெளியே தண்ணீர், சாக்கடை வசதி தரும் தனி அமைப்புகளான குடிநீர் மாவட்டங்களோடு ஒப்பந்தம் போட்டு, கடைவீதியை மட்டும் வரையறுத்த நோக்கத்துக்காக இணைத்து விற்பனை வரியில் பங்கு வாங்குகிறது. வீடுகளைத் தொடுவதில்லை. நிலம் தேர்ந்தெடுப்பதில் பணம் எவ்வளவு முன்னால் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அளவைக்கல்

தென்கரை சொன்ன ஒப்புதல் வாக்கெடுப்பு நமக்கு இல்லை. கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டாது. நீதிமன்றமும் இதைச் சட்டம் இயற்றும் தன்மை கொண்ட செயலாகவே பார்க்கிறது. கல்யாண் மாநகராட்சி வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், சட்டம் சொன்ன நடைமுறைக்கு மேல் தனித்தனியாக விசாரணை தர வேண்டியதில்லை என்றது. அதற்கு முன் 1987இல் இமாச்சலத்தில் போட்டா என்ற ஊர் பற்றிய வழக்கில், கிராமத்தார் சொல்வதைக் கேட்காமல் ஊரின் தன்மையை மாற்றக் கூடாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது: ஆட்சேபணை சொல்ல வாய்ப்புத் தந்தார்களா, வந்த ஆட்சேபணையைப் பார்த்தார்களா என்ற கேள்விதான் நீதிமன்றத்தில் நிற்கும். "எங்களுக்கு விருப்பமில்லை" என்பது நிற்காது.

இப்போது ஏரிக்கரை கேட்ட பாதி ஊராட்சி விஷயம். முடியும். இணைப்பு நடப்பது ஊரின் பெயரில் இல்லை, அறிவிக்கையின் பின்னால் இருக்கும் அட்டவணையில்தான். வருவாய்க் கிராமத்தின் பெயர், புல எண்கள், நான்கு எல்லை. ஊராட்சி எல்லையும் வருவாய்க் கிராம எல்லையும் பல இடங்களில் ஒன்றல்ல. ஒரு வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் கிடக்கும். அட்டவணையில் "புல எண் 1 முதல் 214 வரை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், பக்கத்து ஊராட்சியின் ஒரு தெருவும் இழுபட்டு வந்துவிடும். அந்தத் தெருக்காரர் வரியை யாரிடம் கட்டுவது, பிறப்புச் சான்று எங்கே வாங்குவது என்று அலைவார். உட்பிரிவு எண்ணை விட்டுவிடுவது அடுத்த தவறு. 87 என்று எழுதினால் 87/1 முதல் 87/9 வரை எல்லாம் வரும். தேவை 87/3 மட்டும் என்றால் அப்படியே எழுதியிருக்க வேண்டும்.

பாதியை எடுத்தால் மிச்சம் என்னவாகும் என்பதும் முக்கியம். ஊராட்சி அமைய 500 பேராவது வேண்டும் என்பது 1994 சட்டம். நெடுஞ்சாலையோரத்து வளமான பாதி போய், பின்னாலிருக்கும் குக்கிராமங்கள் மட்டும் தனி ஊராட்சியாக நின்றால் அதற்கு வருமானமே இராது.

மனைவணிகம்

ஒரு சந்தேகம். "நகராட்சி ஆகப்போகிறது, நிலம் தானாகக் குடியிருப்பு வகைக்கு மாறிவிடும்" என்று சொல்லி விற்கிறார்களே, உண்மையா?

எண்ணும் எல்லையும்

இல்லை. உள்ளாட்சி எல்லை வேறு, திட்ட எல்லை வேறு. நில வகைப்பாடு 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது, மாநகராட்சி 426இலேயே நிற்கிறது. வேளாண் நிலம் நகராட்சிக்குள் வந்தாலும் வகைமாற்றத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

காலம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். இணைப்புகள் ஏன் கொத்தாக வருகின்றன என்றால், தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பதவிக்காலத்தை நடுவில் வெட்டுவது சிக்கல். 2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அறிவிப்பும் அந்த வாரத்தில்தான். சென்னை விரிவாக்கமும் 2011 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலோடு பொருந்தியே வந்தது. இதோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31இல் உறையவைக்கும் ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. பதவிக்காலம் முடிந்து இணைந்த ஊருக்கு, அடுத்த நகர்ப்புறத் தேர்தல் வரை தன் வாக்கில் வந்த பிரதிநிதி எவரும் இல்லை. இந்த இடைவெளி பற்றி யாரும் கவலைப்படாதது வருத்தம் தருகிறது.

ஏரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக, ஆட்சேபணை மனுவில் என்னதான் எழுதுவது? ஊரே கையெழுத்துப் போட்ட ஒரே தாள் போதுமா?

அளவைக்கல்

போதாது. ஆயிரம் கையெழுத்துள்ள ஒரே தாளைக் கோப்பில் "ஒரு மனு" என்று பதிவார்கள். தனித்தனி மனு, தனித்தனி ஒப்புகை. அறிவிக்கை எண்ணும் அரசிதழ் நாளும் தலைப்பில் இருக்கட்டும். யாருக்கு, எத்தனை நாளுக்குள் என்பது அறிவிக்கையிலேயே இருக்கும், அதையே பின்பற்றுங்கள், ஆட்சியருக்கு நகல் கொடுங்கள். உள்ளே ஐந்து காரணிக்கும் எண் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலிலிருந்து (சாகுபடிப் பதிவேடு) சாகுபடிப் பரப்பு, வேலை அட்டை எண்ணிக்கை, ஏரியைக் கழித்தும் கழிக்காமலும் அடர்த்தி, மூன்றாண்டு வரவு செலவு.

முழுதாக எதிர்ப்பதோடு நிறுத்தாமல் மாற்றுக் கோரிக்கையும் வையுங்கள்: "இணைப்பதானால் இன்ன புல எண்களை விட்டுவிடுங்கள்." அட்டவணையில் ஒரு வரியைத் திருத்துவது அலுவலருக்கு எளிது, முழு முன்மொழிவைக் கைவிடுவது அரிது.

குழாய்வழி

அந்த வரியில் ஏரியை மறக்காதீர்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. ஊர் நகராட்சிக்குப் போய், பாசன வயல் ஊராட்சியிலேயே நின்றால், சின்ன ஏரியின் மதகை யார் திறப்பது, யார் தூர் வாருவது என்று தகராறு வரும். ஏரி, வரத்துக் கால்வாய், கலங்கல் (மிகுநீர் வழியும் இடம்), ஆயக்கட்டு நான்கின் புல எண்களையும் கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலிருந்து எடுத்து, நான்கும் எல்லைக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பேரேடு

சாலையும் அப்படித்தான். எல்லையைச் சாலையின் நடுக்கோட்டில் போட விடாதீர்கள். ஒரு பக்கத்து விளக்கு நகராட்சி, மறுபக்கத்துக் குப்பை ஊராட்சி என்றாகிவிடும். சாலைப் புறம்போக்கின் புல எண் முழுவதையும் ஏதாவது ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். புலப்படத்தை அச்சடித்து, அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மனுவோடு இணையுங்கள்.